நோட்டில் நான்கு மில்லிமீட்டர்

போன வாரம் நித்யா போன் செய்தார். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு எங்கள் வானிலை அலுவலகத்தில் சேர்ந்தவர். ஜவ்வாது மலை முழுக்க இப்போது தானியங்கி மழைமானிகள் வந்துவிட்டதால், கையால் எழுதிய பழைய நோட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். ஏற்றுகிற வேலை நித்யாவுடையது.

"சார், பதினாறு வருஷத்துக்கு முந்தி ஒரு வைகாசி வெள்ளிக்கிழமை. மலையில இடிமழை, பெரிய ஓடையில திடீர் வெள்ளம்னு நீங்க எச்சரிக்கை கொடுத்திருக்கீங்க. ஆனா மேல இருக்கிற மழைமானியில மறுநாள் காலையில நாலு மில்லிமீட்டர்தான் பதிவாகியிருக்கு. தவறான எச்சரிக்கைன்னு போட்டிருக்கு. இதுல ஏதாவது சந்தேகம் உண்டா, இல்ல அப்படியே ஏத்திடட்டுமா?"

நான்கு மில்லிமீட்டர் என்பது, கொடியில் காயும் துணியை எடுக்க நாம் ஓடுவதற்குள் நின்றுவிடும் மழை. அவ்வளவு பெய்த நாளில் வெள்ளம் வரும் என்று சொன்னவனை என்னவென்று சொல்வது? அப்படிப்பட்டவனுக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். பின்னால் சொல்கிறேன்.

"ஒரு வாரம் டைம் கொடும்மா. ஒருத்தரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். "கேட்டதை எழுதியும் கொடுத்துடுங்க சார், புதுசா வந்த பசங்க படிப்பாங்க" என்றார். அதனால்தான் இது.

இயற்பியல் படித்துவிட்டு வேலையில் சேர்ந்தேன். முதல் பத்து வருடம் வானத்தைப் பார்த்தேன். மழைமானிப் பாட்டிலை அளந்தேன், மேல்காற்றை அளக்கப் பலூன் விட்டேன். அடுத்த பத்து வருடம் அந்த அளவுகள் எழுதிய தாளைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மலையடிவாரத்து நகரில் இருந்த அலுவலகத்தில் முன்னறிவிப்பு மேஜையில் உட்கார வைத்தார்கள். எங்கள் மேலதிகாரி தணிகாசலம் சார்.

தணிகாசலம் சாரின் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு இருக்கும்: ஒரு மைப்பேனா, ஒரு விரல் நீளப் பென்சில். பேனா அலுவலகத்துக்கு, பென்சில் அவருக்கு. மனதில் தோன்றுவதை அலுவலக நோட்டின் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் குறித்துக்கொள்வார். மாலை ஐந்தரைக்கு வீட்டுக்குக் கிளம்புமுன் ரப்பரை எடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தூளை ஊதிவிட்டுப் போவார். "நான் நெனைச்சதெல்லாம் ஆவணம் இல்லய்யா" என்பார். பாராட்டினார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ரொம்ப நன்றாக இருந்தால் "ம்" என்பார்.

எச்சரிக்கை எழுதிக்கொண்டு போய் நீட்டினால் மூன்றே கேள்விதான். எங்கே? எப்போது? எவ்வளவு? மூன்றுக்கும் பதில் இருந்தால் பேனாவின் மூடியைத் திறப்பார். திறந்ததும் முதல் வேலையாக நான் எழுதியிருக்கும் 'மிக' என்ற சொல்லை அடிப்பார். 'மிகக் கனமழை' என்பது அவர் கைக்குப் போய் வந்தால் வெறும் கனமழை ஆகிவிடும்.

இந்த மூன்றில் மூன்றாவதுதான் உயிரை வாங்கும். புயல் என்றால் நாலு நாள் முன்பே கடலில் தெரியும். இடிமழை மேகம் மதியச் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் முளைத்து, கொட்டிவிட்டுப் போய்விடும். மேல்காற்று பலமாக இருந்தால் மேகத்தைத் தள்ளிக்கொண்டு போகும். நாலு ஊருக்கு நாலு தூறல், யாருக்கும் வம்பில்லை. மேல்காற்று சோம்பிக் கிடக்கும் நாளில்தான் ஆபத்து. கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறி, அங்கேயே மேகமாகி, அங்கேயே நின்று ஊற்றும். பக்கத்து மலையில் ஒரு சொட்டு இருக்காது. அடிவாரத்தில் வெயில் அடிக்கும். வெயிலடிக்கும் ஊரின் ஓடையில் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தண்ணீர் வரும்.

மலையிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் பெரிய ஓடையில் வருடா வருடம் வைகாசியில் ஒரு திருவிழா நடக்கும். ஓடைதான் எல்லைச்சாமியின் இடம். கோடையில் தண்ணீர் வற்றியதும் மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் ஜனங்கள் வந்து, ஓடை மணலிலேயே கல் கூட்டி வரிசையாகப் பொங்கல் வைப்பார்கள். பானையை அடுப்பில் ஏற்றிவிட்டால் பொங்கி வழியும்வரை இறக்கக் கூடாது. இறக்கினால் அந்த வருடம் அந்த வீட்டில் தானியம் தங்காது என்பார்கள்.

நித்யா கேட்ட அந்த வருடம், முதல் வெள்ளிக்கிழமை நான் எச்சரிக்கை கொடுத்தேன். விழாவைத் தள்ளி வைத்தார்கள். நல்ல வெயில் அடித்தது. இரண்டாவது வெள்ளிக்கிழமையும் கொடுத்தேன். மறுபடி தள்ளி வைத்தார்கள். மேகம் மலையின் இன்னொரு பக்கம், அமிர்தியில் போய்ப் பெய்தது. எனக்கு 'வெயில் சார்' என்று பெயர் வந்தது அப்போதுதான். மூன்றாவது வெள்ளிக்கிழமை யார் என்ன சொன்னாலும் பானை ஏறும் என்று பூசாரி வெள்ளையன் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. புலி வருது, புலி வருது என்று எத்தனை தடவைதான் கேட்பார்?

அன்று காலைப் பலூன் சொன்ன கணக்கை இரண்டு தடவை பார்த்தேன். கீழ்க்காற்றில் ஈரம் பிழிந்தால் சொட்டும்போல இருந்தது. மேல்காற்று அநேகமாக இல்லை. மேகம் முளைத்தால் நகராது. முளைக்குமா, எந்த மலையில் முளைக்கும் என்பதுதான் தெரியாது.

மதியம் ஒன்றரைக்கு ராடார் படத்தில், பெரிய ஓடை தொடங்கும் புதூர்நாட்டுக்கு மேலே ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. ராடார் இருப்பதோ தொலைவில். அங்கிருந்து பார்த்தால் மேகத்தின் தலை தெரியும்; இடுப்புக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. பெரிய தலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாத மேகங்கள் உண்டு, மனிதர்களைப் போலத்தான். அரை மணி கழித்துப் பார்த்தேன். பொட்டு அதே இடத்தில் இருந்தது.

எழுதிக்கொண்டு தணிகாசலம் சாரிடம் போனேன்.

"எங்கே?"

"பெரிய ஓடையோட தலைப்பகுதி சார்."

"எப்போ?"

"இப்பவே பெய்யுது சார்."

"எவ்வளவு?"

தாளில் அந்த இடம் காலியாக இருந்தது.

"ரெண்டு தடவை எழுப்பி விட்டாச்சு. இன்னைக்கும் சும்மா எழுப்பி விட்டா, நெசமா வெள்ளம் வர்ற அன்னிக்கு ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டான். மேல இருந்து ஒரு நம்பர் வாங்கிட்டு வாங்க. கையெழுத்துப் போடறேன்."

எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம்தான்.

நம்பர் வாங்குவதற்கு மலையில் ஒரே ஒரு ஆள் இருந்தார். ஓடையின் தலைப்பகுதியில் இருந்த சிற்றூரின் பள்ளிக்கூட முற்றத்தில் எங்கள் மழைமானி ஒன்று இருந்தது. அதை அளப்பவர் அந்தப் பள்ளியின் சத்துணவுச் சமையல்காரர் முத்தம்மா. தினமும் காலை எட்டரை மணிக்குப் பாட்டிலில் உள்ள தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து, தன் நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த கடையிலிருந்து எங்களுக்குப் போன் செய்வார். ஒரு நாள் தவறியதில்லை, ஒரு நிமிடம் பிந்தியதில்லை. பிள்ளைகளுக்கு ஊற்றும் சாம்பாரையும் அதே கறாரோடு அளப்பார் என்று அந்த ஊரில் அவர் மேல் ஒரு புகார் உண்டு.

கடைக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். காரணம் எனக்கே தெரியும். இடி இடிக்கும்போது போனைத் தொடாதீர்கள் என்று ஒரு நோட்டீஸ் அந்தப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. வானிலை அலுவலகம் அச்சடித்துக் கொடுத்தது. வாசகம் எழுதியவன் நான்.

கடிகாரம் இரண்டரையைத் தாண்டியது. நாற்பது நிமிடமாக அடித்துக்கொண்டிருந்தேன். பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ, யாரோ எடுத்தார்கள். பின்னணியில் ஓட்டின் மேல் ஜல்லி கொட்டுகிற சத்தம்.

"யாரு?"

"முத்தம்மாங்களா? ஆபீஸ்லேருந்து பேசறேன்."

"இடி இடிக்கசொல போன எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான் சார் ஒட்டிக்கீறீங்க. கடக்காரரு ஓடிட்டாரு. மணி நிக்காம அடிக்குதேன்னு நான் வந்தேன்."

"மழை எப்படிங்க?"

"ஊத்துது சார். எதிர்ல பள்ளிக்கூடம் தெரியல."

"எவ்வளவு இருக்கும்?"

"காலைல எட்டரைக்குச் சொல்றேன்."

"இப்போ வேணும்மா."

"எட்டரைக்குதான் அளக்கணும்னு சுவத்துல எழுதி ஒட்டிக்குதே சார்."

அதையும் நாங்கள்தான் ஒட்டியிருந்தோம்.

"முத்தம்மா, கீழ ஓடையில எரநூறு பேரு பானை வெச்சிக்கினு உக்காந்திருக்கிறாங்க. நீங்க நம்பர் சொன்னாதான் அவங்கள எழுப்ப முடியும்."

"எங்க நாத்தனா வூட்டாரும் அங்கதான் போயிக்கீறாங்க" என்றார். பிறகு, "இருங்க, வர்றேன்" என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

நான் காதில் வைத்த போனை எடுக்கவில்லை. அந்த மின்னலில் ஒரு பெண்ணை வெட்டவெளிக்கு அனுப்பிவிட்டு, இங்கே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. திரும்பி வர ஏழு நிமிடம் ஆனது.

"கண்ணாடில இருவதுதான் சார் புடிக்கும். அஞ்சு கண்ணாடி ரொம்பிச்சி. ஆறாவதுல பன்னெண்டு. காலைல பாட்டில் காலி. எல்லாம் ஒரு மணிக்கு மேல வந்ததுதான்."

நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். நான் தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். தணிகாசலம் சார் எண்ணைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார், 'மிக' என்பதை அடித்தார், கையெழுத்துப் போட்டார். மணி மூன்று. தாலுகா அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, விதிப்படி அதோடு நிற்க வேண்டிய நான், அடிவாரத்து ஊரின் தலையாரி சுப்பிரமணிக்கும் நேரடியாகப் போன் போட்டேன். கிராமத்தில் அரசாங்கத்தின் கையும் காலும் அவர்தான்.

கால் மணி கழித்து ஓடையிலிருந்து அவர் கூப்பிட்டார்.

"சார், சிரிக்கிறாங்க சார். வெயிலு மண்டையப் பொளக்குது, ஓடையில குடிக்கக்கூட தண்ணி இல்ல, வெயில் சார் இன்னா சொல்றாருன்னு கேக்கறாங்க. பானை பொங்காம எழுந்திருக்க மாட்டேன்றாங்க."

"மேல நூத்திப் பன்னெண்டு மில்லிமீட்டர் பெஞ்சிருக்குன்னு சொல்லுங்க."

"மில்லின்னா இன்னா சார்?"

நானும் அடிவாரத்தில் பிறந்தவன்தான். எங்கள் பக்கம் மழையை உழவில்தான் சொல்வார்கள். ஏர் கட்டி ஒரு தடவை உழுகிற அளவுக்கு மண் நனைந்தால் ஒரு உழவு மழை. தணிகாசலம் சார் காதில் விழாமல் குரலைத் தாழ்த்தினேன். "நாலு உழவு மழை. ரெண்டு மணி நேரத்துல. அப்படிச் சொல்லுங்க."

சுப்பிரமணி அதை உரக்கச் சொன்னது எனக்கும் கேட்டது. சிரிப்பு நின்றது. பூசாரி வெள்ளையனின் குரல் வந்தது. "மேல யாரு அளந்தது?"

"யாருங்க அளந்தது?" என்று சுப்பிரமணி என்னைக் கேட்டார்.

"பள்ளிக்கூடத்து முத்தம்மா."

சுப்பிரமணி அதையும் உரக்கச் சொன்னார்; வெள்ளையன் பதில் சொன்னது எனக்குக் கேட்டது. "முத்தம்மாவா? அது ஒரு கரண்டி பருப்புகூட சேத்துப் போடாது. அது நாலுன்னா நாலுதான். ஏறுங்க எல்லாரும்." ஒரு பெண், "பானை?" என்று கேட்டார். "பானைய சாமி பாத்துக்கும், நீ புள்ளயத் தூக்கு" என்றார் வெள்ளையன். அவருடைய பானை வரிசையில் முதலாவது. இன்னும் பொங்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு முதலில் ஏறியவரும் அவர்தான் என்று சுப்பிரமணி பின்னால் சொன்னார்.

நாலு மணிக்குச் சற்று முன்னால் தண்ணீர் வந்தது. ஓடை வளைவில் முதலில் ஒரு முழு மரம் வந்ததாம், அதற்குப் பின்னால்தான் தண்ணீராம். பானைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆட்கள் மொத்தமும் கரையில் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுப்பிரமணி போனில் இதைச் சொல்லி முடித்தபோது நான் அழுதுவிட்டேன். தணிகாசலம் சாரிடம் போய்ச் சொன்னேன். "ம்" என்றார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலை எட்டரைக்கு முத்தம்மா வழக்கம்போலப் போன் செய்தார்.

"நாலு மில்லி சார்."

"நேத்து நூத்திப் பன்னெண்டு சொன்னீங்களே?"

"அது நேத்து. இன்னிக்கு எட்டரைக்குப் பாட்டில்ல இருந்தது நாலு."

"அந்தத் தண்ணிய என்ன பண்ணீங்க?"

"அளந்துட்டுக் கீழ ஊத்திட்டேன். அளந்ததும் ஊத்திடணும்னுதான சுவத்துல எழுதிக்குது?"

தப்பு என்னுடையது. நடுவில் அளந்தால் அந்தக் கணக்கைத் தனியே எழுதிவைத்து, காலைக் கணக்கோடு கூட்ட வேண்டும். அளந்து சொல்லுங்கள் என்று கெஞ்சினேனே தவிர, இதை அவரிடம் சொல்லவில்லை. "பரவாயில்லீங்க, இப்போ ரெண்டையும் கூட்டி நூத்திப் பதினாறுன்னு எழுதிடுங்க" என்றேன்.

"பாட்டில்ல இல்லாதத எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றார் முத்தம்மா.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. தணிகாசலம் சாரிடம் போனேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தம்மா சொல்றது சரி" என்றார்.

"நேத்து அந்த நம்பரை நம்பித்தானே சார் நீங்க கையெழுத்துப் போட்டீங்க?"

"எச்சரிக்கைக்கு வாய்வார்த்தை போதும். நோட்டுக்குப் போதாது. போன்ல கேட்டதையெல்லாம் மழைன்னு எழுத ஆரம்பிச்சா, அப்புறம் இந்த நோட்டை எவன் நம்புவான்?"

எச்சரிக்கை சரியா தவறா என்பதை மழைமானிக் கணக்கை வைத்து மட்டுமே தீர்க்க வேண்டும் என்பது விதி. அலுவலக நோட்டை இழுத்து, பேனாவைத் திறந்து, என் எச்சரிக்கைக்கு எதிரே அவர் கையாலேயே 'தவறானது' என்று எழுதினார். மை உலரும்வரை ஊதினார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அந்த வருடம் எனக்குத் தவறான எச்சரிக்கைகள் ஏழு. ஆண்டுக் கூட்டத்தில் வாசித்தார்கள். வெயில் சார் என்ற பெயர் ஓய்வு பெறும்வரை என்னை விடவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தணிகாசலம் சாரைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவரிடம் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருடைய பிரிவுபசார விழாவில் பின்வரிசையில் உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஆறு வருடம் முன்பு காலமானார். போய் மாலை போட்டேன். அப்போதும் மனம் ஆறவில்லை.

நித்யா கேட்ட கேள்விக்காக இந்த வாரம் முத்தம்மாவுக்குப் போன் செய்தேன். சமையல் வேலையை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது, முழங்கால் வலியாம். பள்ளிக்கூட முற்றத்தில் இப்போது தானியங்கி மழைமானி நிற்கிறது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அது கால் மணிக்கு ஒருதரம் அளக்குது சார். ஒரு நேரங்காலமே கெடையாது" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். இப்போதாவது அந்த நாலைத் திருத்தச் சொல்லட்டுமா, நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன்.

"உங்களுக்குச் சொன்னது உங்களுக்கு. நோட்டுல எழுதுனது நோட்டுக்கு. அன்னிக்கு எட்டரைக்குப் பாட்டில்ல நாலுதான் இருந்தது. எங்க நாத்தனா நல்லாதான் கீறா. இப்ப இன்னாத்துக்கு சார் திருத்தணும்?"

நித்யாவைக் கூப்பிட்டு, "நாலு சரிதாம்மா. அப்படியே ஏத்திடு" என்றேன்.

"சரி சார். இன்னொண்ணு. அந்தப் பக்கத்து ஓரத்துல பென்சில்ல ஏதோ எழுதியிருக்கு. ஸ்கேன்ல சரியா விழல. அதான் நோட்டையே எடுத்துப் பார்த்தேன்."

"என்ன எழுதியிருக்கு?"

"ரொம்பப் பொடி எழுத்து சார். இருங்க." நிறுத்தி நிறுத்திப் படித்தார். "'மேலே 112. ஓடையில் வெள்ளம் வந்தது. ஆட்கள் அனைவரும் ஏறிவிட்டனர். எச்சரிக்கை மிகச் சரி.' அவ்வளவுதான் சார். கீழ 'த'ன்னு ஒரு எழுத்து."

மாலை ஐந்தரைக்கு ரப்பர் எடுக்காமல் அந்த மனிதர் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை. இதை மட்டும் அழிக்காமல் போயிருக்கிறார். நான் ஓய்வு பெறும்வரை அந்த நோட்டு என் மேஜைக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. கோபத்தில் ஒரு தடவைகூட அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை.

"சார், இருக்கீங்களா? பென்சில்ல எழுதினதை ஏத்த இந்த ஃபார்ம்ல இடமே இல்ல. விட்டுடட்டுமா?"

"விட்டுடும்மா. நோட்டைக் கிழிச்சுப் போடறதா இருந்தா மட்டும் சொல்லு, நான் வந்து வாங்கிக்கிறேன்" என்றேன்.